இருபத்திரண்டு அங்குலம்

மேற்குக்கரை சௌபாக்கிய நிதி லிமிடெட்டில் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது, டை உண்டு.

எட்டுப் பேருக்கு எட்டு டை. கருநீலம். ஐந்து வருஷமாக வந்துபோன பயிற்சியாளர்கள் கட்டிக் கழற்றியவை. துவைத்தால் சாயம் போய்விடும் என்பது நிறுவனத்தின் அபிப்பிராயம், ஆகவே துவைப்பதில்லை. மே மாதத்துக் கொச்சி மட்டாஞ்சேரியில் காலை ஒன்பதரைக்கு அதைக் கழுத்தில் ஏற்றும்போது, வேலை கிடைக்காமல் போன அத்தனை பேருடைய வியர்வையும் ஒன்றுசேர்ந்து மூக்கில் வந்து நிற்கும்.

சுப்புராஜுக்கு அது பழகிவிட்டது. மனைவி பாக்கியலக்ஷ்மி செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. எதுவானாலும் பழகிவிடும் நிலையில் அவன் இருந்தான்.

நிறுவனம் பஜார் ரோட்டில் ஒரு மஞ்சள் கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை மூட்டையாக விரலி மஞ்சள். அதன் தூசி பலகைத் தரையின் இடுக்கு வழியாக மேலேறி, பேரேடுகளின் ஓரம், மின்விசிறியின் இறக்கை, மேலாளர் சிவராமகிருஷ்ணனின் வழுக்கை என்று எல்லாவற்றையும் மங்கலகரமாக்கி வைத்திருந்தது. அடகு நகைப் பொட்டலங்களைக் கட்டுவதற்காக ஜன்னலோரம் தொங்கிய நூல்கண்டு, வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாம். யாருக்கும் நினைவில்லை.

கீழே மூட்டை சுமப்பவர்களில் ஒருவர் சுப்புராஜின் அப்பா இசக்கிமுத்து. வள்ளியூரிலிருந்து பிழைக்க வந்து முப்பது வருஷம். இடுப்பு போய்விட்டது. ஆனாலும் மூட்டையை இறக்கியதும் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்து, "எம் மவன் மேல இருக்கான்" என்பார், ஏதோ சொர்க்கத்தில் இருப்பதைப் போல. மகனுக்கு வேலை நிரந்தரமான மறுநாளே சுமை தூக்குவதை நிறுத்திவிடுவதாகக் கிட்டங்கி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் வேலை. ஆறு மாதப் பயிற்சி. நடுச்சுவரில் ஒரு கரும்பலகை. அதில் எட்டுப் பெயர்கள். பெயருக்கு நேரே தொழில்நாகரிக மதிப்பெண். எல்லாரும் நூறில் தொடங்குவார்கள். ஏற வழியில்லை, குறைய மட்டும் முடியும். தும்மினால் அரை. வாடிக்கையாளர் முன்னால் கொட்டாவி விட்டால் இரண்டு. மத்தி மீன் தின்ற கையோடு உரைகல்லைத் தொட்டால் மூன்று. தினமும் மாலை பியூன் பிச்சைமணி சாக்கட்டியோடு வந்து, மேலாளர் சொல்லச் சொல்ல, ஒரு துக்கமும் இல்லாமல் குறைப்பார்.

நான்கு மாதம் முடிந்தபோது சுப்புராஜ் தொண்ணூற்று மூன்றில் முதலில் நின்றான். உணர்ச்சியில்லாதவனுக்குத் தும்மல்கூட வருவதில்லை. அடுத்த மேஜைக்காரன் நஜ்முதீன் தொண்ணூறு.

"எடா சுப்பு, நீ மனுஷனா மரப்பாச்சியா?" என்பான் நஜ்முதீன். "ஒரு நாள் ஒரு கொட்டாவி விடுடா. என் உம்மாவை நினைச்சாவது விடு."

அந்தக் கொட்டாவியை சுப்புராஜ் ஒரு திங்கட்கிழமை விட்டான். அது கொட்டாவியாக இல்லை என்பதுதான் பிரச்சினை.

அன்று காலை அங்கம்மாள் என்ற பெண் வந்தாள். ராமநாதபுரத்துக்காரி, கட்டட வேலை. கைகளில் முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது. அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் கட்டுப்போடாமல் கிடக்கிறான். வேலையிடத்திலிருந்து நேரே ஓடி வந்தவள். கடன் பாரத்தில் பெருவிரல் வைத்தாள். சுப்புராஜ் கவுண்டர் அடைப்பின் மேலாகத் தட்டை நீட்டினான். அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்திவிட்டாள்.

தாலியைக் கழற்றும் முன்னால் ஒரு மஞ்சள் கயிறு கழுத்தில் ஏற வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும் எந்தப் பெண்ணும் இதை மறக்க மாட்டாள். சாரத்தடியிலிருந்து கிளம்பியவளுக்கு நினைவில்லை.

"வைக்கணும், வைக்கணும், பின்னால ஆள் நிக்குது" என்றார் காசாளர்.

"ஒரு நிமிசம் சாமி... வீடு வரைக்கும் போயிட்டு..."

"போனா மறுபடி வரிசையில நிக்கணும், கேட்டா."

சுப்புராஜ் எழுந்தான். நூல்கண்டிலிருந்து ஒரு நீளம் வெட்டினான். அது மஞ்சளாகவே இருந்தது. காகிதம் பறக்காமல் வைத்திருந்த விரலி மஞ்சள் ஒன்றை அதன் நடுவில் முடிந்தான். அடைப்பின் மேலாக நீட்டினான்.

"இதைக் கட்டிக்கிட்டு அதைக் கழட்டுங்க, அக்கா."

அவள் திரும்பி நின்று கட்டிக்கொண்டாள். தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். மொத்தம் இரண்டு நிமிஷம்.

மாலையில் பிச்சைமணி தொண்ணூற்று மூன்றை அழித்து ஐம்பத்து மூன்று என்று எழுதினார்.

"எனக்கு வருத்தம்தான், கேட்டியா?" என்றான் நஜ்முதீன். "ஆனா பலகையில மோளில ஒரு இடம் காலியாச்சுன்னு ஒரு சந்தோஷமும் உண்டு. ரெண்டும் உண்டு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் ஆங்கிலத்தில் மெமோ வந்தது. குற்றம் மூன்று. வாடிக்கையாளரை உறவுமுறை சொல்லி அழைத்தது. பணி நேரத்தில் முடிச்சுப் போட்டது. நிறுவனத்தின் உடைமையான நூலை அளவின்றி அன்னியரின் கழுத்துக்கு மாற்றியது.

புதன்கிழமை விசாரணை. மூன்று பேர் குழு, சிவராமகிருஷ்ணன் தலைமை. பாலக்காட்டுக்காரர், எதையும் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டதில்லை என்று பெயர். வீட்டில் இட்லியைக்கூட எண்ணி எழுதி வைப்பார் என்று பிச்சைமணி சொல்வதுண்டு.

"நூல் எத்தரை நீளம்?"

"அளக்கலை சார்."

"அளக்காம எப்படி ஓய் வெட்டினேர்?"

"கழுத்தைப் பார்த்தேன் சார்."

"கழுத்து ஒரு அளவாக்குமோ?" அவர் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் பார்த்தார். இல்லை என்று அவர்கள் தலையாட்டினார்கள். "பிச்சைமணி, இங்க வாரும். குனியும்."

பிச்சைமணியின் கழுத்தில் நூலைச் சுற்றிப் பார்த்து அளவு கண்டுபிடிப்பது என்று முடிவாயிற்று. சுப்புராஜ் அன்று வெட்டியது போலவே வெட்ட வேண்டும், அன்று போலவே மஞ்சளை முடிய வேண்டும், பிச்சைமணி திரும்பி நின்று கட்டிக்கொள்ள வேண்டும்.

"சார், நான் பொண்டாட்டியும் மூணு பிள்ளையும் உள்ளவன்" என்றார் பிச்சைமணி. "இதை யாராவது வீட்டுல போய்ச் சொன்னா..."

"இது நடவடிக்கைக் குறிப்பில மட்டும் வரும்."

பிச்சைமணி கட்டிக்கொண்டார். அளந்தார்கள். இருபத்திரண்டு அங்குலம். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள்.

"இனி காரணம். ஏன் செய்தேர்?"

சுப்புராஜ் யோசித்தான். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அறுவைக்குக் கொண்டுபோகும் முன்னால் நர்ஸ் பாக்கியலக்ஷ்மியின் தாலியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். விதியாம். "ஒரு மஞ்சக் கயிறாவது வாங்கியாங்க" என்றாள் பாக்கியலக்ஷ்மி. அவன் பிராட்வே கடைத்தெருவுக்கு ஓடினான். காலை ஏழு மணி. கடை திறந்திருக்கவில்லை. ஒரு கடை திறக்கும் வரை நின்று, வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு வழியாக அவள் பேச்சோடு வெளியே வரவில்லை. கயிறு அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. மூன்றாம் நாள் துணி துவைக்கும்போதும் இருந்தது.

"தெரியலை சார்" என்றான்.

"காரணம் தெரியாதுன்னு எழுதிக்கோங்கோ" என்றார் சிவராமகிருஷ்ணன்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. இருபத்திரண்டு அங்குல நூலை வாடிக்கையாளரிடமிருந்து மீட்டு ஒப்படைத்தால், இழந்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருவது குறித்துப் பரிசீலிக்கப்படும். சுப்புராஜ் கடைக்குப் போய் ஒரு முழு நூல்கண்டு வாங்கி வந்து மேலாளர் மேஜையில் வைத்தான்.

"இது நீர் வாங்கின நூல். பயிற்சியாளர்கிட்ட நிறுவனம் அன்பளிப்பு வாங்கக்கூடாது. அந்த நூல் வேணும்."

"அது அவங்க கழுத்துல இருக்கு சார்."

"எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கிறது நல்லதாச்சு. போய் வாங்கிண்டு வாரும்."

அங்கம்மாளின் வீடு வாய்க்கால் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. புருஷன் முத்துராமலிங்கம் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவள் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். சுப்புராஜ் குடித்தான். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னான்.

முத்துராமலிங்கம் சிரிக்கத் தொடங்கினான். சிரித்ததில் கால் வலித்து, "ஐயோ" என்று விட்டு மறுபடி சிரித்தான்.

"நான் செத்தா எடுத்துக்கிடச் சொல்லு தம்பி. இப்ப ஆளு இருக்கான், சரக்கு வராதுன்னு எழுதிக்க."

"வாயக் கழுவுங்க" என்றாள் அங்கம்மாள். சுப்புராஜிடம் திரும்பினாள். அவள் கை கழுத்தில் இருந்தது. "உன்னயச் சொல்லிக் குத்தமில்ல. நீ அன்னைக்கி செஞ்சத எங்கூடப் பெறந்தவன் செய்ய மாட்டான். தாலியத் திருப்புற அன்னைக்கி ஓங்க நூல நானே கொண்டாந்து தாரேன். ஒரு ஆபீசுக்கு நூல் பாக்கி வச்சவள்னு எனக்குப் பேரு வேண்டாம்."

சுப்புராஜ் அறிக்கை எழுதினான். நூல் உபயோகத்தில் உள்ளது. உபயோகிப்பவரின் கணவர் உயிரோடு இருக்கும்வரை எடுக்க முடியாது. கணவரும் இதையே சொல்கிறார்.

சிவராமகிருஷ்ணன் இதைப் படித்து மகிழ்ந்துபோனார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஓர் இனம் வந்ததில்லை. நீண்டகாலச் சொத்துகளின் பதிவேட்டில் ஏற்றினார். உருப்படி: நூல், மஞ்சள் நிறம், ஒன்று. நீளம்: இருபத்திரண்டு அங்குலம். இருப்பிடம்: கழுத்து. வசூலாகும் காலம் என்ற பத்திதான் இடித்தது. அதை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. முத்துராமலிங்கம் இன்னும் எத்தனை காலம் இருக்கக்கூடும் என்று வைத்தியர் சான்றிதழ் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. சான்றிதழ் வரவில்லை. முத்துராமலிங்கத்தின் கைநாட்டோடு ஒரு தபால் அட்டை வந்தது: "சௌக்கியம்." அதையும் கோப்பில் சேர்த்தார்கள்.

அந்தக் கோப்பு எப்படியோ நிர்வாக இயக்குநர் வெங்கிடாசலத்தின் மேஜைக்குப் போனது. அவர் மாதத்தில் ஒரு நாள் வில்லிங்டன் தீவிலிருந்து காரில் வருவார். அந்த மாதம் இரண்டாம் முறையாக வந்தார். எட்டுப் பயிற்சியாளர்களையும் வரிசையாக நிற்கவைத்தார். நெஞ்சில் கைவைத்துப் பேசினார்.

"கண்மணிகளே, நான் இந்தக் கோப்பைப் படித்து அழுதேன். ஒரு தமிழ்ப்பெண்ணின் மாங்கல்யம்! அதன் மதிப்பு என்ன? கிராமுக்கு இவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைக் கழற்றத் தயங்குகிறாளே, அந்தத் தயக்கத்தின் மதிப்பு என்ன? நான் கணக்கெடுக்கச் சொன்னேன். கவுண்டரில் ஒரு பெண் சராசரியாகப் பதினோரு நிமிஷம் தயங்குகிறாள். பத்தில் மூன்று பேர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். வீட்டுக்குப் போகிறவள் யோசிப்பாள். யோசிக்கிறவள் திரும்பி வரமாட்டாள். இத்தனை வருஷமாக நம்மால் அடைக்க முடியாத அந்த ஓட்டையை, இந்தப் பிள்ளை இருபத்திரண்டு அங்குல நூலால் அடைத்துவிட்டான்! இதுதான் சேவை. இதுதான் பண்பாடு. நூலின் அடக்க விலை மூன்று பைசா."

கைதட்டினார்கள். பிச்சைமணி ஐம்பத்து மூன்றை அழித்துத் தொண்ணூற்றாறு என்று எழுதினார். அந்தக் கரும்பலகையின் சரித்திரத்தில் ஒரு எண் மேலே ஏறியது அதுதான் முதல் தடவை.

திட்டத்துக்கு 'மாங்கல்ய மரியாதை' என்று பெயர். பஜார் ரோடு முழுக்கச் சுவரொட்டி, தமிழிலும் மலையாளத்திலும். அதில் ஒரு பெண் கழுத்தில் கயிறோடு சிரித்துக்கொண்டிருந்தாள், தலைவலி போனவளைப் போல. நூல்கண்டுகள் மூட்டையில் வந்தன. இயற்கையாக மஞ்சளாவதற்குக் காலதாமதமாகும் என்று கீழே கிட்டங்கியில் முக்கி எடுத்தார்கள். முக்கும் வேலை இசக்கிமுத்துக்கு வந்தது. கைகள் மணிக்கட்டு வரை மஞ்சளாக, "எம் மவன் திட்டமாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

சுப்புராஜ் தினமும் வெட்டினான். முதல் வாரம் நாற்பது. இரண்டாம் வாரம் எழுபத்தைந்து. பெண்கள் வந்தார்கள். நீட்டிய கயிற்றை வாங்கித் திரும்பி நின்று கட்டினார்கள். கழற்றி வைத்தார்கள். யாரும் தயங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் விரலில் மஞ்சள் வாடை. அவன் சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

"நீ பெரிய ஆளாயிட்டடா" என்றான் நஜ்முதீன். "தும்மாம இருந்து வந்தா பரவால்ல. நூலை வெட்டி மோளில வந்தவன் நீ ஒருத்தன்தான்."

"வெட்டாம இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா அந்தப் பொண்ணு?"

சுப்புராஜ் அடுத்த நூலை அளந்து வெட்டினான்.

இலவசம் என்று சுவரொட்டியில் போட்டுவிட்டார்கள். இலவசம் என்ற சொல் சிவராமகிருஷ்ணனைத் தூங்கவிடவில்லை. அவர் ஒரு விதி எழுதினார். கயிறு நிறுவனத்தின் உடைமை. உபயோகத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. நிறுவனத்தின் உடைமையும் வாடிக்கையாளரின் சொந்த உடைமையும் ஒரே கழுத்தில் ஒரே சமயம் இருக்கக்கூடாது. ஆகவே நகையைத் திருப்பும்போது கயிற்றை முதலில் ஒப்படைக்க வேண்டும். அளக்க வேண்டும். பதிய வேண்டும். மேலாளர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே பொட்டலத்தின் அரக்கை உடைக்கலாம்.

ஆறு மாதம் முடிந்தது. சுப்புராஜ் உதவி அதிகாரி, மாங்கல்யப் பிரிவு. நியமனக் கடிதத்தை இயக்குநரே நேரில் வந்து கொடுப்பதாக ஏற்பாடு. காலையில் புது டை வந்தது. யாரும் கட்டாதது. கீழே இசக்கிமுத்து முகச்சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு அங்கம்மாள் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். சேலை முந்தியில் பணம்.

"தம்பி, திருப்ப வந்திருக்கேன். அவுக எந்திரிச்சு நடக்காக. ஓங்க நூலும் கொண்டாந்திருக்கேன், கழுத்துலயே."

பணம் எண்ணி ஏறியது. பொட்டலம் வந்தது. சுப்புராஜ் அரக்குமேல் கை வைத்தான்.

"நூல் முதல்ல" என்றார் காசாளர்.

"தாலியக் குடுங்க சாமி, கட்டிட்டுக் கழட்டித் தாரேன்."

"விதி அப்படியில்ல."

அவளுக்குப் பின்னால் கடன் வாங்க வந்த பெண்கள் வாசல் வரை நின்றார்கள். காசாளரின் கை நீண்டபடி இருந்தது. அங்கம்மாள் சுப்புராஜைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவளுடைய அவசரத்தோடு, கழுத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். காசாளர் அளந்தார். இருபத்தொன்றரை வந்தது. மஞ்சளை முடிந்த முடிச்சில் அரை அங்குலம். முடிச்சை அவிழ்த்து அளக்கத் தொடங்கினார். கையெழுத்திட வேண்டிய மேலாளர் இயக்குநரின் காரை எதிர்பார்த்துத் தெருமுனைக்குப் போயிருந்தார்.

அங்கம்மாள் வெறுங்கழுத்தோடு நின்றாள். முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒரு நிமிசந்தானே, ஒரு நிமிசந்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இந்த ஏற்பாடு முழுவதும் தன் கையிலிருந்து வந்தது என்பது சுப்புராஜுக்கு அப்போது தெரிந்தது.

கத்தரிக்கோலை எடுத்தான். இன்னொரு நூலை வெட்டி நீட்டினான். அவள் பிடுங்கிக் கட்டிக்கொள்ளும்போது வாசலில் செருப்புச் சத்தம். இயக்குநர், மேலாளர், பின்னால் மாலையோடு பிச்சைமணி.

"எந்தாக்கும் ஓய் இது?" என்றார் சிவராமகிருஷ்ணன். "கையில ஒரு நூல், கழுத்தில ஒரு நூலா? அதையும் வாங்கும். வாங்கி அளந்து பதிஞ்சிட்டுத்தான் பொட்டலம்."

"அதை வாங்கினா மறுபடி ஒண்ணு வெட்டுவேன் சார்."

"அதையும் வாங்கணும்."

வெங்கிடாசலம் சிரித்தார். கடிதத்தை உயர்த்திக் காட்டினார். "சுப்புராஜ், இதைப் பார். நல்ல நாள். அந்த நூலை வாங்கு, நான் இதைத் தருகிறேன். ஒரு நிமிஷ வேலை."

சுப்புராஜ் கடிதத்தைப் பார்த்தான். தரையின் இடுக்கு வழியாகக் கீழே அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் கத்தரிக்கோலின் பிடியால் அரக்கை உடைத்தான். பொட்டலத்தைப் பிரித்துத் தாலியை அடைப்பின் மேலாக நீட்டினான்.

"கட்டிக்கோங்க, அக்கா."

அவள் கட்டிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு இரண்டாம் நூலைக் கழற்றி, நன்றாக நீவி, இயக்குநரின் கையிலிருந்த கடிதத்தின் மேலேயே வைத்தாள்.

"பாக்கி இல்ல, சாமி" என்றாள்.

வரிசையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் முந்தியைச் சரிசெய்துகொண்டு, படியிறங்கிப் போனார்கள். யோசிக்கப் போகிறார்கள் என்பது வெங்கிடாசலத்துக்குத் தெரிந்தது. அவர் முகம் அப்போதுதான் மாறியது.

பிச்சைமணி மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தார். "எத்தரை குறைக்கணும் சார்?" என்று மேலாளரைக் கேட்டார். மேலாளர் கடிதத்தின் மேலிருந்த நூலைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். பிச்சைமணி சுப்புராஜைப் பார்த்தார்.

"உள்ளதையெல்லாம்" என்றான் சுப்புராஜ்.

புது டையைக் கழற்றி நஜ்முதீன் மேஜையில் வைத்தான். நஜ்முதீன் அதைத் தொடவில்லை. அதிலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.

கிட்டங்கியில் இசக்கிமுத்து ஒரு மூட்டையை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கி வந்த மகனின் கழுத்தைப் பார்த்தார்.

"டை எங்கலே?"

"மேல குடுத்துட்டேன்."

"கடுதாசி?"

"அதுமேல நூல வச்சிட்டாங்க."

இசக்கிமுத்து மேல்தளத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் தூசி கண்ணில் விழுந்திருக்க வேண்டும், துடைத்துக்கொண்டார். புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சரி. நிக்காத" என்றார். "அந்த மூலையைப் பிடி."